மாண்ட்ரியலில் மாஸ்டர் வீடு

1994 அக்டோபர், வெள்ளி. ஒரு கல்யாணத்துக்காக டொராண்டோ வந்திருந்தேன். அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ரயில், மாலை நான்கு மணிக்கு என்னை மாண்ட்ரியலை ஒட்டிய டோர்வலில் இறக்கிவிட்டது. அக்கா கமலா அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். கர்க்லாண்டில் இருக்கும் அக்கா வீட்டு முகவரியைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார்.

“இது மாஸ்டரின்ர வீடெல்லோ? நீங்கள் ஆர்?”

“அவர் சம்சாரத்தோட தங்கச்சி. மதுரையிலேருந்து வர்றேன்.”

“அப்ப மாஸ்டரின்ர மச்சாள்! என்ர மகள் அவரிட்டத்தான் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். இங்க பள்ளிக்கூடத்தில எல்லாம் பிரெஞ்சுதான், எங்களுக்கு ஒண்டும் விளங்காது. மாஸ்டர் பிரெஞ்சிலயும் சொல்லுவார், தமிழிலயும் சொல்லுவார்.”

பத்து கிலோமீட்டருக்குப் பதினெட்டு டாலர். வழியெல்லாம் மாஸ்டர் புராணம்.

அக்கா இந்திய வெளியுறவுப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறாள். கல்லூரியில் வேதியியல் கற்பித்த வேலையை விட்டுவிட்டு, பிராக், ஹனோய், தாகர் என்று அவள் பின்னாலேயே போனவர் சண்முகம் அத்தான். தூதரக மனைவிமார்களின் தேநீர் விருந்துக்கு அவருக்கும் அழைப்பு வரும். போய்ப் பூ அலங்காரம் கற்றுக்கொண்டு வருவார். பிரெஞ்சும் தாகரில் கற்றதுதான். எங்கும் அவர் ‘மேடத்தின் கணவர்’தான். விமானப் போக்குவரத்துப் பேச்சுவார்த்தைகளுக்காக அக்கா வந்திருக்கும் இந்த ஊரில்தான் அவருக்கென்று ஒரு பெயர்.

சாப்பிடும்போது அக்கா செய்தியைச் சொன்னாள். மடகாஸ்கருக்கு அவளைத் தூதராக அனுப்பப் போகிறார்கள். ஜனவரியில் சேர வேண்டும். திங்களன்று பதில் சொல்ல வேண்டும். அத்தான் ரசம் ஊற்றிக்கொண்டே, “ஜூன்ல என்கிட்ட படிக்கிற பசங்களுக்குப் பரீட்சை,” என்றார்.

சனிக்கிழமை அத்தான் பாடம் நடத்தும் பக்கத்து ஊரான ரொக்ஸ்பரோவுக்கு மூவரும் போனோம். ஒரு வீட்டின் நிலவறையில் வகுப்பு. அக்கா அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் சளசளத்துக்கொண்டிருக்க, அத்தான் பலகையில் சமன்பாடு எழுதி இரண்டு மொழியிலும் விளக்கினார். அவர் அத்தனை உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

தேநீர் கொண்டுவந்த வீட்டுக்கார அம்மா அக்காவிடம், “மாஸ்டரின்ர மனிசியோ? நீங்களும் வேலைக்குப் போறனீங்களோ?” என்று கேட்டார்.

“ஆமாங்க, ஒரு ஆபீஸ்ல,” என்றாள் அக்கா.

திரும்பும்போது காரில் அவளே பேச்சை எடுத்தாள். “வேண்டாம்னு எழுதிடறேங்க.”

“போ, கமலா. இதுக்குத்தானே இத்தனை வருஷம் ஓடினோம்? பரீட்சை முடிஞ்சதும் வந்துடறேன்.”

“தனியா எப்படி வீடு மாத்துவேன்? எல்லா ஊர்லயும் பெட்டி கட்டினது நீங்கதானே?”

“இப்பவும் கட்டித் தர்றேன். பிரிச்சு அடுக்கறது மட்டும் உன் வேலை.”

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

திங்கள் காலை சம்மதம் டெல்லிக்குப் போயிற்று. மதிய ரயிலில் நான் கிளம்பினேன். என் கணவரின் வங்கி மாற்றல்களுக்காக நானும் ஐந்து ஊர் மாறியவள். சிவகாசியில் நன்றாக நடந்துகொண்டிருந்த என் பாட்டு வகுப்பை, உத்தரவு வந்த வாரமே மூடினேன். கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லலாம் என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை. மதுரையில் மறுபடி வகுப்பு தொடங்கியிருக்கிறேன்; இப்போது ஓசூருக்கு மாற்றல் வரலாம் என்று பேச்சு. வந்தால் இந்த முறை அதைச் சொல்வேன். சண்டையாக இல்லை, காலையில் காபி குடித்துக்கொண்டே.