டில்லியின் கீபோர்டைக் கவனித்த ஒருவன்

என் நண்பனின் கீபோர்டைப் பாதி விலைக்கு இறக்கியவன் நான்தான். இறங்கிய பிறகு, வேறொருவர் பெயரில் அதை எடுத்துக்கொண்டவனும் நான்தான்.

சொல்லிவிட்டேன்! ஐந்து மாதமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது... பாரம் குறைந்ததா என்கிறீர்களா? இல்லை.

கோவில்பட்டியிலிருந்து வந்து, மென்பொருள் சோதிக்கிற வேலையில் சேர்ந்து, கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட் வாங்கியவன் நான். கீழ்வீட்டு டில்லிக்குப் பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முகூர்த்த நாள்களில் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பான். என் மகள் யாழினிக்கு மூன்று வருடமாக ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். பீஸ் என்று வாயெடுத்தாலே, "இன்னா மச்சான், அசிங்கப்படுத்துற?" என்பான்.

அவன் மனைவி கஸ்தூரிக்கு இரண்டு காதும் மங்கிக்கொண்டே வந்தன. இரண்டுக்கும் கருவி வைக்க வேண்டும் என்றார் டாக்டர். காதுக்குப் பதினாலாயிரம். டில்லி யோசிக்கவே இல்லை, கீபோர்டை விற்கிறேன் என்றான். இணைய ஏலத் தளத்தில் இருபத்தெட்டாயிரம் என்று ஆரம்ப விலை போட்டு, அவன் போனிலேயே ஏற்றிக் கொடுத்தவனும் நான்!

இப்போது என் புத்தியைச் சொல்கிறேன், கேளுங்கள். விலை இறங்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. அதற்கான காசில்லாத வழிகளெல்லாம் எனக்கு அத்துப்படி. பொருளுக்குப் பக்கத்திலுள்ள இதயக் குறியைத் தட்டிவைத்தால், விலை குறைந்ததும் போன் சத்தம் கொடுக்கும். தேடலைச் சேமித்து வைத்தால் மின்னஞ்சல் வரும். பிரவுசரில் ஒரு சின்னக் கருவியைச் சேர்த்துக்கொண்டால், விலை ஏறியதையும் இறங்கியதையும் கோடு போட்டுக் காட்டும். எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பாதிப் பேருக்கு மிக்ஸியும் வாஷிங் மெஷினும் இப்படித்தான் வாங்கிக் கொடுத்தேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

டில்லியின் கீபோர்டுக்கும் இதயத்தைத் தட்டினேன். பூந்தமல்லியிலிருக்கும் என் மைத்துனன் பெயரில் கணக்குத் தொடங்கி, என் போனிலிருந்தே.

ஏன்? யாழினிக்கு அதை வாங்கித் தர ஆசை. கையில் பணம் இல்லையா? இருந்தது! நேரே கேட்டால் முழு விலை கொடுக்க வேண்டுமே... நண்பனிடம் பேரம் பேசவோ வெட்கம். முகம் தெரியாதவனாகிவிட்டால் எதற்கு வெட்கம்?

ஒரு வாரம் ஓடியது. யாரும் ஏலம் கேட்கவில்லை. ஆனால் விற்பவனுக்கு மட்டும் ஒரு வரி தெரியும்: 'ஒருவர் கவனிக்கிறார்.' டில்லி அந்த வரியைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ஒருத்தன் பாத்துக்கினே கீறான்டா! ஆச கீது, கைல துட்டு இல்ல போல. பாவம்... கொஞ்சம் எறக்கவா?"

பாவமாம்! என்னைத்தான் சொன்னான்.

"இறக்கித்தான் பாரேன்," என்றேன்.

இறக்கினான். என் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது, அவன் எதிரிலேயே! அடுத்த வாரமும் இறக்கினான். அதற்கடுத்த வாரமும்... எல்லாம் அந்த ஒருவனுக்காக. பதினாலாயிரத்துக்கு வந்தபோது ஏலம் கேட்டேன். போட்டிக்கு ஆளே இல்லை.

"ஒரு காதுக்காச்சும் ஆச்சே," என்றான் டில்லி. கஸ்தூரி தன் பழைய புடவையில் கீபோர்டைச் சுற்றினாள். "அந்தப் பூந்தமல்லிக்காரரு நல்லா இருக்கணும்ணா," என்று என்னிடமே சொன்னாள். பெட்டிக்கு டேப் ஒட்டியது என் கை.

யாழினியின் பிறந்தநாளன்று, பூந்தமல்லி மாமாவின் பரிசு என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு கட்டை கொஞ்சம் அழுத்தினால்தான் ஒலிக்கும். மூன்று வருடம் அவள் விரல் பழகிய கட்டை... குழந்தைக்குத் தெரியாது என்று எந்தத் தைரியத்தில் நினைத்தேன்? தொட்டாள், துள்ளினாள். "டில்லி மாமா! உங்க கீபோர்டு எங்க வீட்டுக்கே வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே படியிறங்கி ஓடினாள். பிடித்து நிறுத்த நேரமில்லை.

டில்லி மேலே வந்தான். உள்ளே வரவில்லை. கீபோர்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அந்த ஒருத்தன் நீயாடா?"

என் கை சட்டைப் பையிலிருந்த போனை மூடியது.

"எவனோ இல்லாதவன்னு நெனச்சி எறக்குனன்டா... நீ என் பக்கத்துல ஒக்காந்துகினு எறக்கு எறக்குன்னியே!" அவன் குரல் உடைந்துவிட்டது.

மீதிப் பணத்தை எடுத்து நீட்டினேன். "நீயே வெச்சிக்கோ. இனிமே எங்க ஊட்டாண்ட வராத," என்றான். துரோகம்... வேறு என்ன பெயர் அதற்கு? இப்போது படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறான். யாழினி அந்தக் கீபோர்டைத் தொடுவதே இல்லை. அன்று கஸ்தூரி கடைக்குப் போயிருந்தாள். அவளிடம் டில்லி ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் படிக்கட்டில் கஸ்தூரி என்னை நிறுத்தினாள்.

"பாப்பாக்கு கீபோர்டு வாங்கிக்கீறீங்களாமே, உங்க ஊட்டு அக்கா சொன்னாங்க. வாசிக்கிற சத்தமே கேக்கலியேண்ணா... என் காதுதான் சரியில்லியா?"

கருவி அவளுடைய வலக் காதில். நான் இடப்பக்கம் நின்றிருந்தேன்.

"நான்தாம்மா அந்தப் பூந்தமல்லிக்காரன்," என்றேன், மெல்ல.

"இன்னாண்ணா?" என்று சிரித்தபடி வலக் காதைத் திருப்பினாள்.

"பாப்பாவுக்குப் பரீட்சைம்மா," என்றேன். நன்றாகக் கேட்கும்படி, சத்தமாக.