அண்ணன் கொண்டுவந்த கோடி

எங்க தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் ரெண்டு அத்தைகள் இருந்தார்கள். ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லை, ஒரே மலையில் கொழுந்து பறித்து, ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டு வாழ்ந்தவர்கள். ‘கூட்டாளிங்க’ என்பார்கள், அத்தோடு சரி. “அடுத்த காம்பராவுல பொகை வந்தா சமையல்னு நெனச்சுக்க” என்பது எங்க பக்கத்துப் பேச்சு.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. வெள்ளைக்காரன் தேயிலைக் கன்றோடு அதையும் நட்டுவிட்டுப் போனான். அவன் எழுதியதில் ஆணோடு ஆண் சேர்வதுதான் குற்றம். எத்தனையோ காலம் கழித்து நம்மவர்கள் திருத்துகிறோம் என்று கையிலெடுத்து, பெண்களையும் உள்ளே சேர்த்துவிட்டார்களாம். சலூன் பெஞ்சில் கிடந்த பேப்பரில் படித்தேன். கிழிசலைத் தைக்கச் சொன்னால் பாக்கெட்டையும் சேர்த்துத் தைத்த கதை.

போன மழைக்காலத்தில் மூத்த அத்தை தவறிப்போனார். கொழும்பில் வேலை செய்யும் அவருடைய அக்கா மகன் வந்து இறங்கினான். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சின்ன அத்தையை எழுந்து போகச் சொன்னான். இந்தக் காலத்தில் இதெல்லாம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், எங்க மானத்தை வாங்காதீங்க என்றான். நாங்கள் பேர் வைக்காமல் விட்டதற்கு அவனிடம் பேர் இருந்தது. அத்தை மழைக்குக் கட்டியிருந்த தறப்பாளை விட்டு வெளியேறி, தண்ணி பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

பெட்டி தூக்கப்போகிற நேரம், நானுஓயாவிலிருந்து சின்ன அத்தையின் அண்ணன் வந்தார். கல்யாணம் வேண்டாமென்று தங்கச்சி சொன்ன நாளிலிருந்து முகம் பார்க்காதவர். “இன்னைக்கு அடிதான்” என்று பக்கத்தில் ஒருத்தர் முணுமுணுத்தார். வந்தவர் நேரே பீலிக்குப் போனார். பையிலிருந்து புதுச் சேலையை எடுத்துத் தங்கச்சி தோளில் போட்டார்.

கோடி. புருசன் செத்தவளுக்குப் பொறந்த வீடு போடுகிற கோடி.

தப்படித்தவர்களின் கை நின்றுவிட்டது. அக்கா மகன் குறுக்கே வந்தான்.

“எந் தங்கச்சிக்கு நாந்தான போடணும்? வழிய விடுங்க தம்பி.”

அதோடு முடியவில்லை. கோடி விழுந்துவிட்டால் அடுத்து என்ன என்று லயத்துப் பொம்பளைகள் யோசிப்பதில்லை. தாலியறுத்த ரெண்டு பேர் வந்து, அத்தையைத் தலைமாட்டில் உட்காரவைத்து, கண்ணாடி வளையலை உடைக்கப் பிடித்துவிட்டார்கள். அண்ணனே பதறிப்போனார். ஐயோ அதெல்லாம் வேணாம், விட்டுடுங்க என்றார். தான் போட்ட கோடி இதையும் கூட்டிக்கொண்டு வரும் என்று மனுசன் நினைக்கவே இல்லை.

அத்தை கையை இழுக்கவில்லை. மற்றக் கையையும் தானாகவே நீட்டினார்.

“ஒடைங்கக்கா. எனக்கும் அதான மொற.”

வளையல் நொறுங்கியது. பொட்டை அழித்தார்கள். அப்போதுதான் அத்தை பெட்டியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். கொடுமையான முறைதான் அது. ஆனால் தூக்கும்வரை யாரும் அவரை எழுந்திரு என்று சொல்லவில்லை.