பிள்ளைக்கும் இதே வாழ்க்கை வேணுமா?

ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரரிடம், "உங்க வாழ்க்கையில உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அம்மா மவுத்தாயிட்டாக" என்று சாவுச் செய்தி சொல்லி அழுதாள் மும்தாஜ் அக்காவின் மகள். தோட்டக்காரர் தன் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

உத்தமபாளையம் மும்தாஜ் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். மக்கள் எவ்வளவு திருப்தியாக வாழ்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலையில் நானும் அவரும் சேர்ந்து அலைந்தோம். வருமானம், படிப்பு, வீடு, சொந்தபந்தம் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் திருப்திக்கு வருவோம்.

ஆரம்பத்திலேயே நான் கோட்டை விட்டேன். மாடிவீட்டுக்காரர் ஒருவர், "என்னத்தத் திருப்தி, ஏதோ ஓடுது" என்று சலித்துக்கொண்டார். ஏலக்காய்த் தோட்டக் கூலிக்கு விடிகாலை ஜீப்பில் மலையேறும் அனுமந்தன்பட்டிப் பெண்ணோ, "ஒரு குறையும் இல்ல" என்றார். இல்லாதவர்களுக்குத்தான் நிம்மதி என்று நான் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்ல, அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பைத்தியக்காரி! அவரு கண்ணு பட்டுரும்னு கொறச்சுச் சொல்றாரு. அந்தம்மா, வந்தவுககிட்ட எதுக்கு அழணும்னு மறைக்கிது. ரெண்டையும் நம்பிட்டு வந்து நிக்கிறியே!"

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண்ணிடம், "ஒங்க பிள்ளைக்கும் இதே வாழ்க்கை வேணுமா?" என்று மட்டும் கேட்டார். "ஐயோ, இது என்னோட போகட்டும்!" என்றவர், பிறகு முதுகுவலி, கூலி, ஜீப் கவிழ்ந்த கதை என்று கொட்டித் தீர்த்துவிட்டார். அதே கேள்விக்கு மாடிவீட்டுக்காரரோ, "பின்ன? தோட்டத்த வேற யாரு பாக்குறது?" என்று மீசையைத் தடவினார். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்படியானால் நாங்கள் அதுவரை எழுதியதெல்லாம் என்ன?

போன மாதம் அக்கா நோயில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, நிரந்தரமில்லாத வேலைகளிலேயே மகளை ஆளாக்கியவர். "ஒங்க மகளும் ஒங்கள மாதிரியே இருக்கணுமாக்கா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். சிரித்தார். "எங்கிட்டயே வேலையக் காட்டுறியா? டீயக் குடிடி, ஆறுது." அவ்வளவுதான். அது ஆமாவா, இல்லையா? இன்றுவரை மண்டையைக் குடைகிறது.

அடக்கத்தன்று, ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போன பிறகு அக்காவின் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா சந்தோஷமாத்தான் இருந்தாகளா, சித்தி?"

"தெரியலையேடி" என்றேன். ஊரையே கேட்டவள் நான்.

"நான் அம்மா மாதிரியே இருக்கணும்னுதான் சின்னதுல இருந்து நெனச்சேன். அவுககிட்ட சொன்னதில்ல. அவுக கேட்டதும் இல்ல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அதைத் தாய் தகப்பனிடம் கேட்பதா, பிள்ளைகளிடம் கேட்பதா என்றுதான் இப்போது விளங்கவில்லை.