மாமாவுக்குப் பிடிக்காத ஒரே வேலை

எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் மாமா அன்று ஸ்பிரிங்வேலில் இருந்த வேலை தேடித்தரும் அலுவலகத்துக்கு வெளிக்கிட்டார். அவர் அம்மாவின் தம்பி. வன்னியில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்தவர். சண்டை முடிந்து இந்த நாட்டுக்கு எங்களிடம் வந்து சேர்ந்த பிறகு வேலை ஒன்றும் அமையவில்லை. இனியும் அக்கா வீட்டுச் சோற்றில் இருக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. பள்ளி விடுமுறையென்று துணைக்குப் போன பத்து வயதுக்காரி நான், அவருக்குப் போட்டிருந்த கதிரையில் ஏறி உட்கார்ந்தேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆலோசகர் பெண்மணி நீட்டிய தாள்களில் வேலைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும், பிடிக்காது, தெரியாது என்று கட்டங்கள். இதில் சரி பிழை கிடையாது, மனதில் பட்டதைச் சொன்னால் பொருத்தமான வேலையைக் கண்டுபிடிக்கலாம் என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். மாமா நம்பவில்லை.

“சரி பிழை இல்லாத சோதனை உலகத்திலை எங்கை இருக்கு? நீ எல்லாத்துக்கும் பிடிக்கும் எண்டு போடு.”

மெஷின் கழற்றிப் பூட்டப் பிடிக்கும். மேடையில் பாடப் பிடிக்கும். பாம்புகளை ஆராயப் பிடிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறைச்சி வெட்டும் வேலை வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

“மாமா, நீங்க முட்டைகூடச் சாப்பிடமாட்டீங்களே!”

“வெட்டத்தானே கேக்கினம்? தின்னச் சொல்லிக் கேக்கேல்லையே. போடு.”

போட்டேன். அடுத்த பக்கத்தில், சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பிடிக்குமா என்றிருந்தது. அப்பாடா, ஓர் உண்மையாவது வந்ததே! வாசித்துக் காட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ‘பிடிக்கும்’ கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கு மட்டும் பிடிக்காது எண்டு போடு.”

ஆலோசகர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எல்லாமே பிடிக்குமென்றால் எது பொருந்தும் என்று அவர் எப்படிச் சொல்வது? இதிலிருந்து தெரிவது ஒன்றே ஒன்றுதான், வாத்தியாருக்கு வாத்தியார் வேலை பிடிக்காது. ஏன் என்று கேட்கச் சொன்னார்.

“எனக்கு என்ரை வகுப்பே காணும் எண்டு சொல்லு.”

தன் வகுப்பே போதுமாம் என்று சொன்னேன். இங்கே வகுப்புகளில் அவ்வளவு பிள்ளைகள் இருக்கமாட்டார்கள் என்று அவர் ஆறுதல் சொன்னார். அதையும் ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். மாமா தலையை ஆட்டிவிட்டு, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். இருந்தது.

வீடு வரும்வரை நான் அவரை விட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். தினமும் பின்னேரம் குசினியில் சாப்பாட்டு மேசையில் எனக்குக் கணக்குச் சொல்லித்தருபவர் அவர்தான். புத்தகத்தைத் திறக்குமுன், வகுப்பில் வரவு இடாப்பு வாசிப்பதுபோல என் முழுப் பெயரையும் கூப்பிடுவார். நான் “ஓம் சேர்” என்று சொல்லவேண்டும். இருப்பதே ஒரு மாணவி! அந்த விளையாட்டென்றால் எனக்கு உயிர். அதையும் பிடிக்காமல்தான் செய்தாரா? என்னையும் பிடிக்காதா?

அன்று பின்னேரம் அவர் கூப்பிட்டபோது நான் அறைக்கதவுக்குப் பின்னால் நின்றேன். கொஞ்சம் தவிக்கட்டும் என்று வாயே திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அதற்கடுத்துக் கூப்பிட்ட குரல் மாமாவின் குரல் மாதிரியே இல்லை. கதிரை விழும் சத்தம் கேட்டது. ஓடிவந்து கதவை இழுத்து, என் தோள்களைப் பிடித்து உலுக்கினார்.

“கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லு! பேசாமல் நிக்காதை! சொல்லு பிள்ளை!”

அவர் முகமெல்லாம் கண்ணீர். நான் பயந்துபோய் “ஓம் சேர்” என்றேன். என்னைக் கட்டிப்பிடித்தபடி நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சண்டைக் காலத்தில், பெயர் கூப்பிட்டும் பதில் வராத பிள்ளைகள் அவருடைய வகுப்பில் இருந்தார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஒளித்து விளையாடியதற்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்றுதான் நினைத்தேன். ஒருவேளை என் பதில் சரியாகக் கேட்கவில்லையோ என்று, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

“ஓம் சேர்.”