பன்னிரண்டாம் வருடப் பூ

வெஸ்ட்மீட்டில் என் பக்கத்து வீட்டுப் பிரசாந்தனோடு எனக்குப் பன்னிரண்டு வருடச் சண்டை. அகதியாகப் படகில் இந்த நாட்டுக்கு வந்தவன். ஊரில், நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவன், இங்கே கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. வந்த புதிதில் சந்தையில் ஒரு புரோமிலியாட் செடி வாங்கி முற்றத்தில் வைத்தான். அன்னாசிச் சாதிதான், ஆனால் இலை விரித்தால் ஒரு கட்டில் அகலம் வரும்.

சண்டை என்னவென்றால், அதன் அடியில் முளைக்கும் புல்லுப்போன்ற குட்டிகளைப் பிடுங்கி என் வேலிக்கு மேலால் எறிவான். கேட்டால், "அக்கா, பக்கக் குட்டி விட்டால் தாய்க்குச் சத்துப் போயிடும். பூ வந்தாப்பிறகு ஒண்டை விடுவம்" என்பான். வாழைக்காரனுக்கு நான் என்னத்தைச் சொல்ல! திட்டித் திட்டி எல்லாவற்றையும் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கூட்டித் தள்ளுவேன்.

ஊரில் இருக்கும் மனைவி மேனுகாவுக்கு ஞாயிறு தவறாமல் வீடியோவில் செடியைக் காட்டுவான்.

"இது பூக்கேக்க நீ இஞ்சை நிப்பாய்."

இந்த வருடம் பூத்தது. ஆளைவிட உயரமான சிவப்புத் தண்டு, அது நிறைய வெள்ளைப் பூ. மேனுகாவின் விசாவும் வந்தது. அவனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அவள் வர இரண்டு கிழமை இருக்கும்போது இலையெல்லாம் பழுத்துச் சரிந்தது. படம் எடுத்துக்கொண்டு செடி விற்றவரிடம் ஓடினான். திரும்பியதும் நேரே என் வேலியடிக்கு வந்து நின்றான்.

"ஒருக்காத்தான் பூக்குமாம் அக்கா. பூத்தால் செத்துப்போகுமாம். குட்டி போடுறது இளசிலதானாம், இனிப் போடாதாம். ஐயோ, என்ர கையாலயே எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சிட்டன்!"

அப்போதுதான் எனக்குத் தண்ணீர்த் தாங்கி ஞாபகம் வந்தது. குட்டி முளைப்பது நின்றபிறகு வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத மூலை. போய்ப் பார்த்தேன். கடவுளே! ஏழெட்டுச் செடிகள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பெரியது என் முழங்கால் உயரம். வேலிக்கு மேலால் அவனைக் கூப்பிட்டேன்.

மேனுகா வந்த அன்றே அவளை அங்கே கூட்டிவந்தான். குற்றவாளிபோலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"இதுகள் பூக்க இன்னும் எத்தினை வருசம் செல்லுமோ தெரியாது."

"செல்லட்டுமே," என்றாள் மேனுகா. "இந்தமுறை நானும் தண்ணி ஊத்துவன்தானே."