அக்கிக்கு நான் எழுதிய சிங்கம்

அம்மாவுக்கு அக்கி வந்த மாதம் கம்பெனியில் ஆர்டர் குவிந்திருந்தது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில், எட்டு மணி நேரம் நின்றபடியே செல்போன் போர்டு சரிபார்க்கும் வேலை அவளுக்கு. இடுப்பில் ஒரு பக்கமாகக் கொப்புளங்கள் பட்டை கட்டியிருந்தன. துணி உரசினாலே உயிர் போகிறது என்பாள். சொல்லிவிட்டு அதே துணியை உடுத்திக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

"அக்கிக்கு ஊசி போட்டா உள்ளுக்குப் பூடும். மூணு நாள் எழுதிக்கினா போதும்" என்றாள் அத்தை. அத்தை சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. வல்லம் வடகாலில் ஒரு குயவர் அக்கி எழுதுவார். விடியும் முன் அவர் வீட்டுக்குப் போனால், காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடிவிடுமாம்.

இரண்டு நாள் எழுதியாயிற்று. மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காலை ஷிஃப்டு, ஐந்து மணிக்கே பஸ். லீவு கேட்டதற்கு, "அக்கிக்கெல்லாம் லீவு குடுத்தா லைன்ல யார் நிக்கிறது?" என்றாராம் சூப்பர்வைசர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

குயவர் கொடுத்த காவிக்கட்டி மிச்சம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். ஆள்காட்டி விரலைத் தோய்த்து நானே எழுதினேன். வால் விலா வரைக்கும் போய்விட்டது. அம்மா கண்ணாடியில் பார்த்தாள்.

"இன்னாடி இது, பூனை மாதிரி கீது?"

அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். அவள் போனதும், காவிக் கையாலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டேன்.

கொப்புளம் காய்ந்தது, வலி போகவில்லை. இரண்டு வாரம் கழித்து எனக்கு உடம்பெல்லாம் அம்மை. அக்கிக்கு லீவு தராத சூப்பர்வைசர், "பத்து நாளைக்கு இந்தப் பக்கமே வராதம்மா" என்று அலறிவிட்டார். வேப்பிலை பரப்பிய பாய்க்குப் பக்கத்தில் அம்மா பகலெல்லாம் தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

காய்ச்சல் தணியாததால் அம்மா அத்தைக்குத் தெரியாமல் என்னைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனாள். டாக்டர் அவள் இடுப்பையும் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கிருமிதாம்மா. அக்கிக் கொப்புளத்துத் தண்ணி கையில பட்டா, அம்மை வராத குழந்தைக்கு அம்மையா வரும். கொப்புளம் போட்டு மூணு நாளுக்குள்ள வந்திருந்தீங்கன்னா மாத்திரை குடுத்திருப்பேன். வலியும் இவ்ளோ இழுத்திருக்காது."

நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, அம்மா என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்துக்கொண்டு மஞ்சள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அதுல கொப்புளமே இல்லம்மா" என்றேன். அவள் விடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.