விழாத் தாளில் ஒரு பெயர்

திரைப்பட விழா தொடங்கும் வேலையில் படம் பார்க்க மட்டும் நேரம் கிடைக்காது. எங்காவது ஒரு விழாவுக்குக் கதிரை அடுக்கிய நீங்கள் இதை மறுக்கமாட்டீர்கள். இலங்கையில் போர் முடிந்து ஐந்தாறு மாதத்தில் மொன்ட்ரியாலில் சர்வதேசத் தமிழ்த் திரைப்பட விழா ஒன்றைத் தொடங்கினோம். பாரிசிலிருந்து இரண்டு படம், சென்னையிலிருந்து ஒன்று, முகாமிலிருந்து ஒன்று, மிச்சம் எங்கள் ஆட்கள் எடுத்தவை: அதுதான் சர்வதேசம். தொடக்கியவர் பொன்ராசா அண்ணை; ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. எங்கள் வீட்டில் முதலாவதாகப் பட்டம் எடுத்தவள் என்பதால் எழுத்து வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

மரியாதை

போரில் தப்பிய சனத்தை இராணுவம் அடைத்து வைத்திருந்த வவுனியா முகாமுக்குள் களவாகக் கைபேசியில் எடுத்த பதினொரு நிமிடப் படம், லவாலில் இருக்கும் ஜெயா அக்கா மூலம் வந்தது. எடுத்தவர் அவருடைய தம்பி. தண்ணீர் வரிசையில் வாளிகள் நகரும், முகங்கள் இல்லை. நிகழ்ச்சித் தாளில் எல்லா இயக்குநர்களுக்கும் போட்டதுபோல அவருக்கும் முழுப்பெயரும் ஊரும் போட்டேன். குறைத்துப் போடுவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். மூன்று தரம் எழுத்துப்பிழை பார்த்தேன்.

முந்நூறு தாள்களும் கடைகளுக்கும் தேவாலயத்துக்கும் போன பிறகு ஜெயா அக்கா தொலைபேசி எடுத்தார். கத்தவில்லை.

"தங்கச்சி, அவன் இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கிறான்."

திரும்ப வாங்கியது

'அந்தப் பெயரைப் பார்க்காதீர்கள்' என்று ஒலிவாங்கியில் அறிவித்தால் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஆகவே நேரம் பிழையாக அச்சாகிவிட்டது என்று சொல்லித் தாள்களைத் திரும்ப வாங்க முடிவெடுத்தோம். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய வாசலில் நின்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. ஒரு அன்ரி ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து தாளை எடுத்தார், ஆனால் விடவில்லை.

"நேரம் பிழையெண்டா பேனையால வெட்டி எழுதலாம்தானே. ஏன் பிள்ளை தாளைப் பறிக்கிறீர்?"

கலியாணக் கார்ட்

மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் சிங்கராயர் மாமாவின் மகள் ஒரு படத்தில் இரண்டு நிமிடம் நடித்திருந்தாள். அந்தப் பெருமையில் மாமா ஒரு தாளை யாழ்ப்பாணத்திலிருக்கும் தங்கைக்குத் தபாலில் போட்டுவிட்டார். வழியில் கடிதத்தை யார் யார் பிரிப்பார்கள் என்று எங்களுக்குள் சொல்லத் தேவையில்லை. நான் உண்மையைச் சொன்னதும் மாமா ஒரு தொலைபேசி அட்டையைச் சுரண்டி நம்பரை அழுத்தினார். அந்த லைனையும் யாராவது கேட்பார்கள் என்ற பயம். "கலியாணக் கார்ட் ஒண்டு பிழையா அடிச்சு அனுப்பிப்போட்டன். வந்தா அடுப்பில வை, ஒருத்தருக்கும் காட்டாதை" என்றார்.

 தங்கையின் குரல் எனக்கே கேட்டது:

"ஆற்றை கலியாணம் அண்ணை? எனக்கு மட்டும் ஏன் மறைச்சனீங்கள்?"

கைதட்டல்

விழா நாள், கோட்-டெ-நெய்ஜில் வாடகை மண்டபம். புதிய தாளில் முகாம் படத்துக்குக் கீழே, பெயருக்குப் பதில் வெறும் கோடு. படம் முடிந்ததும் எடுத்தவர் யார் என்று பின்வரிசையில் கேட்டார்கள். சொல்ல முடியாது என்றேன். ஒருவரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஜெயா அக்கா தலை நிமிரவில்லை. வேலை உடுப்போடு ஓடி வந்திருந்த பொன்ராசா அண்ணை கதவடியில் நின்று கத்தினார்:

"ஆளைத் தெரியாட்டி கை தட்டமாட்டியளோ? தட்டுங்கோ!"

தகவல்

அதன் பின் மூன்று கிழமை தம்பியிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் ஜெயா அக்காவுக்கு எடுத்து விசாரித்தேன். கடைசியில் அவர் சொன்னார்: "நீ எடுக்காதை. மணி அடிக்க, அவனோ எண்டு ஓடி வாறன்." நிறுத்திவிட்டேன்.

பிறகு ஒரு நாள் அவரே எடுத்தார். ஊரிலிருக்கும் அவர்களுடைய அத்தை முகாமுக்குப் போய், முள்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தம்பியோடு கதைத்தாராம். இரண்டு நாள் விசாரிக்கக் கொண்டுபோய்த் திரும்ப விட்டிருக்கிறார்கள். எங்கள் தாளாலா, வேறு எதனாலா, யாருக்கும் தெரியாது. தாளில் பெயர் வந்த விஷயத்தை அத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார். தம்பி ஏசினவரா என்று கேட்டேன்.

"இல்லை. தன்ர பேர் போட்ட தாளில ஒண்டைப் பத்திரமா எடுத்து வைக்கட்டாம்."

முதல் விழாவில் பட்டதாரியாகிய நான் பிழையில்லாமல் செய்து முடித்தது ஒரே வேலைதான்: திரும்பி வந்த தாள்களை ஒன்றுகூட மிச்சமில்லாமல் கிழித்தது.